அட்டையில் இருந்தவள்

உப்பளத்தில் உச்சிநேரத்துக்கு நிழல் கிடையாது. மேலே ஒரு சூரியன், பாத்தித் தண்ணீருக்குள் ஒரு சூரியன். நடுவில் நிற்கிற ஆளுக்குக் காலடியில் ஒரு கறுப்புப் பொட்டு மிஞ்சும், அவ்வளவுதான். அந்நேரம் வரப்பில் யார் நடந்து வந்தாலும் முட்டுக்குக் கீழே ஒன்றும் இல்லாத மாதிரித்தான் தெரியும். கானல் செய்கிற வேலை. தெரியாதவன் பேய் என்பான். நான் பேயை நம்புகிற ஆள் இல்லை. மனுஷனையும் நம்புகிற ஆள் இல்லை.

மாப்பிள்ளையூரணிக்குக் கிழக்கே ஒரு அளத்தில் உப்பு அம்பாரங்களுக்கு நான் காவல். அளத்துக்குள்ளேயே மோட்டார் ரூமை ஒட்டி வெள்ளத்துரையின் வீடு. அவன் மோட்டார்காரன். போர்வெல் தண்ணீரை இறைத்துத் தெப்பத்தை நிரப்புவான். தெப்பம் என்றால் கோயில் குளம் இல்லை. பாத்திக்கு விடுமுன் உப்புத் தண்ணீரைத் தேக்கி வைக்கிற பெரிய பள்ளம். மேலே தண்ணீர், அடியில் காலைப் பிடித்து இழுக்கிற சகதி. அவன் பெண்டாட்டி சண்முகத்தாய் உப்புச் சுமப்பாள். விடியுமுன் இறங்கினால் வெயில் ஏறுமட்டும் பாத்திக்கும் அம்பாரத்துக்குமாக நடை. தலைச் சட்டியிலிருந்து உப்புத் தண்ணீர் கழுத்து வழியாக முதுகுக்கு வடியும். அவள் காலில் உப்பு கடித்த புண் ஆறி நான் பார்த்ததில்லை.

அவர்களுக்கு இரண்டு பெண் பிள்ளைகள். மூத்தவள் இசக்கிசெல்வி, இளையவள் சந்தனமாரி. மூத்தவளுக்கு எட்டு வயதும் இளையவளுக்கு ஆறு வயதுமாக இருந்தபோது, இரண்டும் அம்மாவுக்குக் கஞ்சி கொண்டுபோன ஒரு உச்சிநேரத்தில் மூத்தவள் தெப்பத்தில் சறுக்கி விழுந்தாள். இளையவள் ஓடிவந்து அம்பாரத்தடியில் அம்மா முன்னால் நின்றாள். வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. தூக்குவாளியை எங்கேயோ போட்டுவிட்டு வந்திருக்கிறாள் என்று சண்முகத்தாய் முதுகில் ஒன்று வைத்தாள். "ஏளா, அக்கா எங்க?" என்று கேட்டதற்கும் திறந்த வாய் திறந்தபடிதான். அந்தப் பிள்ளை கையைத் தூக்கித் தெப்பத்தைக் காட்டியபோது எல்லாம் முடிந்திருந்தது.

அது நடந்து மூன்று வருஷம். அன்றைக்கு அடைத்த வாய் முழுசாகத் திறக்கவே இல்லை. "ஏளா மாரி, உங்கப்பன் எங்க?" என்று கேட்டால் பதில் வராது. பசிக்கிறதா என்று கேட்டால் வராது. நான் என்பாட்டுக்குத் தார்ப்பாயின் கிழிசலைத் தைத்துக்கொண்டிருப்பேன். பின்னால் வந்து நின்று, "தாத்தா, அக்காவுக்கு இன்னும் கால் காயலயாம்" என்பாள். திரும்பினால் கண் என்னைப் பார்க்காது, என் தோளுக்குப் பின்னால் எதையோ பார்க்கும்.

"போளா அங்கிட்டு" என்று விரட்டுவேன். போய்விடுவாள். நானும் கொஞ்ச நேரம் பின்பக்கம் திரும்பாமலே தைப்பேன்.

எங்கள் பக்கம் கல்யாணம் ஆகாமல் செத்த பெண் பிள்ளை அந்த வீட்டுக்குக் கன்னித் தெய்வம். ஓலைப்பெட்டிக்குள் ஒரு பாவாடை சட்டை, கண்ணாடி வளையல், ரிப்பன், பவுடர் வைத்து உத்திரத்தில் கட்டித் தொங்கவிடுவார்கள். ஆடி மாதம் இறக்கி, புதுத்துணி வைத்துப் படைப்பார்கள். பழைய துணியை வீட்டில் இருக்கிற பெண் பிள்ளை உடுத்திக்கொள்ளலாம். கன்னிக்கு எடுக்கிற துணி சாஸ்திரத்துக்குச் சின்னதாக ஒன்று இருந்தால் போதும். சண்முகத்தாய் அப்படி எடுக்கவில்லை. ஒவ்வொரு ஆடிக்கும் ஒரு அளவு கூட்டி எடுத்தாள்.

"செத்த பிள்ளை வளருமாளா?" என்று நான் கேட்டே விட்டேன்.

"வளராம? கூடப் படிச்ச பிள்ளைய எல்லாம் வளந்துட்டுல்லா அண்ணாச்சி" என்றாள். சோற்றில் உப்பு போதுமா என்று கேட்கிற குரலில்தான் சொன்னாள்.

ரேஷன் அட்டையிலும் இசக்கி இருந்தாள். அளத்தில் சாவு என்றால் போலீஸ் வரும், ஆஸ்பத்திரியில் பிள்ளையை அறுப்பார்கள் என்று பயந்து அன்றைக்கே எல்லாருமாக அடக்கிவிட்டோம், பதியவில்லை. மாரி பேரைச் சேர்க்க ஒருநாள் வேலையை விடவேண்டும் என்று முன்பே தள்ளிப்போட்டிருந்தான் வெள்ளத்துரை. மூத்தவள் போனபிறகு அட்டையை யாரும் தொடச் சண்முகத்தாய் விடவில்லை. "கன்னி பேர எடுக்கதும் கன்னிய வீட்ட விட்டுத் தொரத்துததும் ஒண்ணு" என்றாள். ஆகமொத்தம் அட்டையின்படி செத்தவள் இருந்தாள், இருந்தவள் இல்லை.

ஆனி மாதம் பள்ளிக்கூடத்திலிருந்து பேச்சிச்செல்வி டீச்சர் ஸ்கூட்டியில் அளத்துக்கே வந்துவிட்டாள். வரப்பில் வண்டி வழுக்கி, சேலையெல்லாம் உப்புச் சகதி. சண்முகத்தாய் கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொடுத்தாள்.

"சந்தனமாரி வகுப்புல வாயே தொறக்க மாட்டேங்கா. சன்னல் பக்கம் ஒரு ஆள் இருக்க எடம் விட்டுத்தான் உக்காருதா. வேற பிள்ளை வந்து உக்காந்தா கடிக்கா. டாக்டர்ட்ட காட்டணும் வெள்ளத்துரை."

"என்ன டாக்டரு டீச்சர்? காய்ச்சலா, மண்டையிடியா?"

"மனசுக்குப் பாக்க டாக்டரு. பயப்படாதிய. ரேஷன் அட்டைய வச்சு எடுத்த காப்பீட்டு அட்டை இருக்குல்லா? பிள்ளையளுக்கு மனசுக்குப் பாக்கதுக்கும் இப்ப அந்த அட்டை செல்லும். டவுன்ல ஒரு டிரஸ்ட் ஆஸ்பத்திரில எடுக்காவ. பிள்ளையளோட உக்காந்து பேசுததுக்குன்னே ஆள் வச்சிருக்காவ. வெளிய பாத்தா உங்க கூலி காணாது."

எனக்குப் பொறுக்கவில்லை. "லாரிக்கு இன்சூரன்ஸ் போடுதான், சரி. மனசுக்கு எதுக்கு டீச்சர்?"

"லாரி முட்டுனா சத்தம் கேக்கும் தாத்தா. இந்தப் பிள்ளை உள்ளயே முட்டிக்கிட்டு நிக்கி."

"சர்க்கார் சும்மா குடுக்கான்னா வேற எங்கயோ புடுங்குவான்."

"புடுங்கட்டும். உங்ககிட்ட புடுங்க என்ன இருக்கு, அந்தத் தார்ப்பாயா?"

சண்முகத்தாய்கூடச் சிரித்துவிட்டாள். வெள்ளத்துரை சிரிக்கவில்லை. "பைத்தியக்காரின்னு பேராயிரும் டீச்சர். நாளைக்கு இவள எவன் கெட்டுவான்?"

டீச்சர் டம்ளரைக் கீழே வைத்தாள். "கெட்டுததுக்கு மொதல்ல பிள்ளை இருக்கணும்லா" என்றாள்.

வெள்ளத்துரைக்கு ஆபீஸ் என்றாலே நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். எனக்கு ஒட்டாது. அதனால் என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். ஆஸ்பத்திரியில் காப்பீட்டுக்கு என்று தனி ஜன்னல். உள்ளே இருந்த பையன் அட்டையை வாங்கிக் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்தான்.

"சந்தனமாரின்னு யாரும் இல்லையே. வெள்ளத்துரை, சண்முகத்தாய், இசக்கிசெல்வி. மூணு பேருதான் இருக்கு. அட்டையில பேர் இல்லாதவங்களுக்குப் பாக்க முடியாது." எட்டிப் பிள்ளையைப் பார்த்தான். "இதுதான இசக்கிசெல்வி? வீட்டுல வேற பேரு சொல்லிக் கூப்பிடுவீங்களோ?"

நான் வாயைத் திறக்குமுன் சண்முகத்தாய் சொன்னாள்: "ஆமாய்யா. இசக்கிசெல்விதான்."

"பதினோரு வயசு போட்டிருக்கு. வத்தலா இருக்காளே?"

"சாப்பிட மாட்டா."

பொய் சொல்கிறவர்கள் முகம் எனக்குத் தெரியும். உப்புத் திருட வருகிறவன் முகத்தைப் பார்த்துப் பார்த்துப் பழக்கம். அது பொய் சொல்கிற முகம் இல்லை. வெள்ளத்துரை தலையைக் குனிந்துகொண்டு, காட்டின இடத்தில் விரலை வைத்தான்.

பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். கதவைத் திறந்து ஒரு நர்ஸ் கூப்பிட்டாள்: "இசக்கிசெல்வி! இசக்கிசெல்வி யாரு?"

மூன்று வருஷமாக அந்தப் பேரை யாரும் சத்தம்போட்டுக் கூப்பிட்டதில்லை. வீட்டிலேயே கன்னி என்றுதான் சொல்வார்கள். சண்முகத்தாயின் கையில் மயிர் சிலிர்த்து நின்றதை நான் பார்த்தேன். பசிக்குக் கூப்பிட்டால் எழாத பிள்ளை, அந்தப் பேரைக் கேட்டதும் பட்டென்று எழுந்தது. யாரையும் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனது.

வெளியே டீக்கடையில் வைத்து வெள்ளத்துரை கேட்டான். "என்னளா இப்படிச் சொல்லிட்ட?"

"வைத்தியம் நடக்கணுமா வேண்டாமா? மருந்து என்ன, பேரு கேட்டா உள்ள எறங்குது?"

"பேசித்தான குணமாக்குவாவளாம். பேரச் சொல்லித்தான பேசுவாவ?"

"வடையத் தின்னுங்க, ஆறுது" என்றாள்.

வாராவாரம் போனோம். பிள்ளைகளோடு பேசுகிற அம்மாவுக்கு ஹில்டா என்று பேர். சின்ன வயது, மணப்பாட்டுப் பக்கத்துப் பிள்ளை. அந்த அறையில் நாற்காலி கிடையாது; பாய், களிமண், துணிப் பொம்மைகள். ஆரம்பத்தில் உள்ளே இருந்து ஒரு சத்தமும் வராது. பிறகு ஹில்டாவின் குரல் மட்டும் வந்தது. ஒருநாள் மாரியின் குரல் வந்தது. வெள்ளத்துரை பெஞ்சிலிருந்து எழுந்தே விட்டான்.

"கேக்குதா அண்ணாச்சி? எம்பிள்ளை பேசுதா!"

"காது இருக்கு, கேக்கு. உக்காரு."

எனக்கும் நம்ப முடியவில்லை. ஆனால் அளத்துக்குத் திரும்பி வந்தால் மாரி பழையபடி கல். மாரி என்று கூப்பிட்டால் அசைவே இருக்காது. முன்பாவது தலையைத் திருப்புவாள்.

சண்முகத்தாய் மாறிப்போனாள். ஆஸ்பத்திரி போகிற நாள் என்றால் வேலைக்குப் போவதில்லை. பிள்ளைக்குத் தலைமுழுக்காட்டி, சாம்பிராணி போட்டு, பிச்சிப்பூ வைத்துவிடுவாள். அந்த ஆடிக்குப் படைத்த பாவாடை பெட்டிக்குள் ஒருநாள்கூட இருக்கவில்லை. பதினோரு வயதுப் பாவாடை, ஒன்பது வயதுப் பிள்ளை. தரையில் இழுபட்டு ஓரமெல்லாம் உப்புப் பூத்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகிற மாதிரியே இல்லை, கோயில் கொடைக்குப் போகிற மாதிரி இருந்தது. பெஞ்சில் முதல் ஆளாக உட்கார்ந்து அந்தக் கதவையே பார்ப்பாள். நர்ஸ் பேரைக் கூப்பிட்டதும் கண்ணை மூடிக்கொள்வாள். ஒருதடவை, "சரியாக் கேக்கலம்மா" என்று சொல்லி இரண்டாம் முறை கூப்பிட வைத்தாள். எனக்குக் கேட்டிருந்தது.

ஆவணிக் கடைசியில் ஹில்டா எங்கள் மூன்று பேரையும் அறைக்குள் கூப்பிட்டாள். மூலையில் பிள்ளை களிமண்ணை உருட்டிக்கொண்டிருந்தது.

"இவ்வளவு பெரிய விஷயத்தை நீங்க ஏன் என்கிட்ட சொல்லலை?" என்று கேட்டாள்.

வெள்ளத்துரைக்கு வேர்த்துவிட்டது. தெரிந்துவிட்டது, இனி போலீஸ்தான் என்று நானும் நினைத்தேன்.

"இசக்கிக்கு ஒரு தங்கச்சி இருந்தாளாமே. மாரி. உப்பளத்துல தண்ணியில விழுந்து செத்துப்போயிட்டாளாமே."

ஹில்டா குரலை இறக்கினாள். "தங்கச்சியை நாந்தான் கூட்டிட்டுப் போனேன், காப்பாத்தலைன்னு அழுறா. அதைச் சொல்றதுக்கே பிள்ளைக்கு இத்தனை வாரம் ஆச்சு. உங்க மேல தப்பு சொல்லலை. நீங்களும் பறிகொடுத்தவங்கதான. ஆனா வீட்டுல மாரியைப் பத்தி இவகிட்ட பேசுங்க. மூடி வைக்காதீங்க."

மூலையிலிருந்து பிள்ளை தலையைத் தூக்கி எங்களைப் பார்த்தது. சிரித்தது. இந்த மூன்று வருஷத்தில் அந்தப் பிள்ளை சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. வேறு யாருடைய பல்லையோ பார்த்த மாதிரி இருந்தது.

திரும்பும்போது மினிபஸ்ஸில் கூட்டம் இல்லை. பிள்ளை நடுவில், அவர்கள் இருவரும் இரண்டு பக்கம்.

"அடுத்த வாரம் சொல்லிருவோம்ளா" என்றான் வெள்ளத்துரை.

"சொன்னா அட்டையப் புடுங்கிருவான். செத்தவ பேருல வைத்தியம் பாத்தியான்னு கேப்பான். அப்பம் இந்த வைத்தியமும் போச்சு."

"அதுக்காவ?"

"பிள்ளை பேசுதால்லா? மூணு வருஷமா ஏங்கிக் கெடந்தோம். பேசுதா. யாரு பேருல பேசுனா என்ன?"

"பேசுதது நம்ம மாரியாளா?"

சண்முகத்தாய் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நடுவில் இருந்த பிள்ளை அப்பன் முகத்தை ஏறிட்டுப் பார்த்து, "யாருப்பா மாரி?" என்று கேட்டது.

அதற்குப் பிறகு வெள்ளத்துரை அந்தப் பேச்சை எடுக்கவில்லை. பெண்டாட்டிக்குப் பயந்து அல்ல. பிள்ளைக்குப் பயந்து. பள்ளிக்கூடத்தில் வருகைக்குப் பேர் வாசிக்கும்போது, "சந்தனமாரி செத்துட்டா டீச்சர்" என்று எழுந்து சொன்னாளாம். பக்கத்தில் விட்ட இடத்தில் இப்போது பை வைக்கிறாளாம். பேச்சிச்செல்வி டீச்சர் போனில் அழுதாள். "நீங்க அங்க என்னதான் வைத்தியம் பாக்கிய?" என்று கேட்டாள். வெள்ளத்துரை போனை என்னிடம் கொடுத்தான். நான் கட்பண்ணிவிட்டேன்.

புரட்டாசியில் காற்று நின்றுவிட்டது. மழைக்கு முந்தின புழுக்கம். பாத்தியில் கடைசி உப்பு வாரிக்கொண்டிருந்தார்கள். மழை விழுமுன் அம்பாரம் எல்லாம் மூடியாக வேண்டும். உச்சிநேரம் தார்ப்பாயின் ஓரத்துக்கு நான் மண்மூட்டை வைத்துக்கொண்டிருந்தேன்.

"மாரீ! ஏளா மாரீ! ஏறி வாளா! கையக் குடுளா!"

பெண் பிள்ளைக் குரல். அளத்தின் அந்தக் கோடிக்குக் கேட்கிற சத்தம். யாரோ புது வேலைக்காரி பிள்ளையைத் தேடுகிறாள் என்றுதான் நினைத்தேன். பிறகுதான் சத்தம் தெப்பத்திலிருந்து வருவது தெரிந்தது.

பிள்ளை இடுப்பளவு தண்ணீரில் நின்றது. பெரிய பாவாடை தண்ணீருக்கு மேல் வட்டமாக விரிந்து கிடந்தது. குனிந்து, வலது கையைத் தண்ணீரை நோக்கி நீட்டி, தண்ணீரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

நான் இறங்கினேன். நாலு எட்டுக்குள் சகதி முழங்காலைப் பிடித்துவிட்டது. வயசான கால், இழுக்க இழுக்க உள்ளே போயிற்று.

"மாரி, வாளா. தாத்தா கையப் பிடி."

"நான் மாரி இல்ல தாத்தா. மாரி இந்தா கெடக்கா. கண்ணு தொறந்துருக்கு பாருங்க."

சொல்லிவிட்டு அது காட்டின இடத்தில் அதன் முகமே தண்ணீருக்குள் கிடந்தது. காற்று இல்லாத தண்ணீர், கண்ணாடி மாதிரி. நான் கண்ணை எடுத்துக்கொண்டேன். அந்த முகம் என்னைப் பார்த்துவிடுமோ என்று இருந்தது.

அதற்குள் சண்முகத்தாய் தலைச் சட்டியோடு ஓடிவந்து கரையில் சட்டியைப் போட்டாள். மோட்டார் ரூமிலிருந்து வெள்ளத்துரை ஓடிவந்தான்.

"மாரீ!" என்றாள் சண்முகத்தாய்.

பிள்ளை திரும்பவில்லை. ஒரு எட்டு முன்னால் வைத்தது. தண்ணீர் நெஞ்சுக்கு ஏறியது.

"இசக்கின்னு கூப்பிடுளா!" வெள்ளத்துரை கத்தினான். "அதுக்குத்தான் திரும்பும்! கூப்பிட்டுத் தொலையேன்ளா!"

சண்முகத்தாய் வாயைத் திறந்தாள். எனக்கு இடுப்பு வரைக்கும் சகதி. நான் அந்த வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நாங்கள் மூன்று பேரும் அங்கே நிற்க, அவள் ஒரு பேரைச் சொன்னால் பிள்ளை கரையேறி வந்துவிடும். வருகிறது யார் என்பதுதான் கேள்வி.

"மாட்டேன்" என்றாள்.

தண்ணீரில் இறங்கினாள். வெள்ளத்துரையும் இறங்கினான். உப்புச் சுமந்த கால், சகதி அவளை அவ்வளவாகப் பிடிக்கவில்லை. பிள்ளைக்கும் அந்த முகத்துக்கும் நடுவில் போய் நின்று தண்ணீரைக் கலக்கிவிட்டாள். பிள்ளை வீறிட்டது. அவள் கையைக் கடித்தது. கடித்த கையை அவள் எடுக்கவில்லை.

"செத்தது அக்கா. இசக்கி. மூணு வருசம் ஆயிட்டு. நீ மாரி. நீ சாவல."

"நீ பொய் சொல்லுத! நான் கூப்பிடவே இல்ல! மாரி கூப்பிடவே இல்ல!"

"நீ கூப்பிடத்தான் செஞ்ச. அம்பாரத்துக்கு ஓடி வந்து வாயத் தொறந்துக்கிட்டு நின்னியே. அதுதான் கூப்பிட்டது. எனக்குத்தான் வெளங்கல. வாளிய எங்கன்னு கேட்டு ஒன்ன அடிச்சேன்."

பிள்ளை கடியை விட்டது. அம்மா முகத்தைப் பார்த்தது. பிறகு அன்றைக்கு மாதிரியே வாயைத் திறந்தது, சத்தம் வரவில்லை. சண்முகத்தாய் அப்படியே தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். என்னை வெளியே எடுக்கக் கயிறும் நாலு ஆளும் வேண்டியிருந்தது. "அம்பாரத்துக்குக் காவலா வேய், தெப்பத்துக்குக் காவலா?" என்று ஒருத்தன் கேட்டான். ஏச எனக்கு மூச்சு இல்லை.

மறுநாளே ஹில்டாவிடம் போனோம். சண்முகத்தாய்தான் சொன்னாள், நின்றுகொண்டே, ஒன்றும் விடாமல். ஹில்டா கேட்டுக்கொண்டே வந்தவள் பாதியில் பாயில் உட்கார்ந்துவிட்டாள். ஒரு பொம்மையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"அப்போ இவ்வளவு நாளும் நான் யார்கிட்ட பேசிட்டு இருந்தேன்?" என்றாள். எங்களைக் கேட்கவில்லை.

"எங்க மேல கேஸ் போடுவாங்களாம்மா?" என்றான் வெள்ளத்துரை.

"எனக்குத் தெரியலைங்க. நான் டாக்டர்கிட்டயும் ஆபீஸ்லயும் சொல்லித்தான் ஆகணும். அந்த அட்டையில இனி பாக்க முடியாது. ஆனா பிள்ளையை இப்படி விட முடியாது. இசக்கியோட சாவைப் பதிஞ்சு, பேரை எடுத்துட்டு, இவ பேரைச் சேருங்க. அதுவரைக்கும் சனிக்கிழமை என் வீட்டுக்குக் கூட்டிட்டு வாங்க. கணக்குல வராது. பரவாயில்லை."

நல்லவளாகத்தான் தெரிந்தாள். இருந்தாலும் சனிக்கிழமை நானும் கூடப் போனேன்.

பேரை எடுக்கக் கிளம்புகிற அன்றைக்குக் காலையில் சண்முகத்தாய் ஓலைப்பெட்டிக்குக் கீழே உட்கார்ந்துவிட்டாள்.

"பேர எடுத்துட்டா அவ எங்க போவா?"

"கன்னி பெட்டிலதான்ளா இருக்கா" என்றான் வெள்ளத்துரை. "அட்டையிலயா இருக்கா?"

"அப்பம் அட்டையில இருந்தது யாரு? ஆஸ்பத்திரியில பேரச் சொன்னதும் எந்திரிச்சுப் போனது யாரு?"

அவன் என்னைப் பார்த்தான். எனக்கு என்ன தெரியும்? "பஸ் போயிரும், கெளம்புங்க" என்றேன்.

ஆபீஸில் ஏன் இத்தனை காலம் பதியவில்லை என்று ஏசினார்கள். அலைய விட்டார்கள். சாவுக்குச் சாட்சி வேண்டும் என்றார்கள். எதிலும் கையெழுத்துப் போடாத நான் போட்டேன். ஜன்னலுக்குள் இருந்த ஆள், "பிள்ளை உயிரோட இருக்கா, இல்லையா? அம்மா வாயால சொல்லுங்க" என்றார். சண்முகத்தாய் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "இல்ல" என்றாள். அந்த ஒரு சொல்லுக்கு அவள் கழுத்து நரம்பெல்லாம் எழும்பி நின்றது. மாரி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். கேஸ் ஒன்றும் வரவில்லை; வராது என்று நான் இன்னும் நம்பவில்லை.

புது அட்டை ஐப்பசி மழையோடு வந்தது. அளத்தில் வேலை இல்லை. பாத்தியெல்லாம் நிறைந்து வரப்பு தெரியவில்லை. நனைந்துகொண்டே ஆஸ்பத்திரிக்குப் போனோம். அதே ஜன்னல், அதே பையன். பேரைப் பார்த்தான், எங்களைப் பார்த்தான், ஒன்றும் கேட்கவில்லை. பெஞ்சில் போய் உட்கார்ந்தோம். மாரி தனக்கும் அம்மாவுக்கும் நடுவில் ஒரு ஆள் இடம் விட்டு உட்கார்ந்தாள். அவள் அளவுக்கே எடுத்த கவுன். ஹில்டா வீட்டுக்கு இத்தனை சனிக்கிழமை போயும் பத்து வார்த்தை பேசியிருப்பாள், அவ்வளவுதான். இசக்கியாக இருந்தபோது நன்றாகப் பேசினாள். அதை மறுக்க முடியாது.

நர்ஸ் கதவைத் திறந்தாள்.

"சந்தனமாரி!"

யாரும் எழவில்லை. மழைச் சத்தம். வெள்ளத்துரை பிள்ளையைத் தொடப் போனான். சண்முகத்தாய் கண்ணாலேயே தடுத்தாள். நர்ஸ் வராந்தாவை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பார்த்தாள். "சந்தனமாரி வரலையா?"

மாரி பக்கத்தில் இருந்த காலி இடத்தின் பக்கம் திரும்பினாள். கொஞ்சம் குனிந்து, காதோடு பேசுகிற மாதிரி, ஆனால் எங்களுக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"நீ இரு. என்னியத்தான் கூப்பிடுதாவ."

எழுந்து உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது.

கொஞ்ச நேரத்தில் ஒரு பெண், கைப்பிள்ளையை இடுப்பிலும் இன்னொன்றைக் கையிலும் பிடித்துக்கொண்டு நனைந்து வந்தாள். மாரி எழுந்த இடத்தில் அதற்குள் யாரோ உட்கார்ந்துவிட்டார்கள்; பெஞ்சில் மிச்சம் அந்த நடு இடம்தான் காலி.

"இங்கன ஆள் இருக்கா?" என்று கேட்டாள்.

சண்முகத்தாய் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் கால் மாற்றி நின்றாள்.

"இல்ல. உக்காருங்க" என்றாள் சண்முகத்தாய்.

உட்கார்ந்தவள் பிள்ளையின் தலையை முந்தானையால் துடைத்துக்கொண்டே, சும்மா கேட்கிற மாதிரி கேட்டாள். "ஒங்களுக்கு எத்தன பிள்ளைய?"

"ரெண்டு. மூத்தவ செத்துப்போய்ட்டா. உள்ள இருக்கது இளையவ."

அந்தப் பெண் துடைப்பதை நிறுத்தினாள். பக்கத்தில் நின்றிருந்த மற்றப் பிள்ளையையும் இழுத்து மடியில் இறுக்கிக்கொண்டாள்.

நான் எழுந்து, பெஞ்சில் ஒரு ஆள் இடம் விட்டு, சுவரோரமாகப் போய் நின்றுகொண்டேன்.